கடிபடாத பொம்மைகள்

"அந்த யானையை எடுத்துக் கடிச்சுப் பாரு, மாப்ளே" என்றார் இஸ்திரி.

மச்சினன் கையிலிருந்த மர யானையையும் அக்காள் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா சமையலைச் சாப்பிட்டுத்தானே அத்தான் வந்தோம்? அதைவிட யானை மெதுவா இருக்கும்னு சொல்றீங்களா?"

"வாயை மூடிக்கிட்டுக் கடி."

"ரெண்டையும் ஒரே நேரத்துல எப்படிச் செய்றது?"

துப்பறிவாளரான அவரைக் காதுபட யாரும் இஸ்திரி என்று அழைப்பதில்லை. முதுகுக்குப் பின்னால் அழைக்காதவர்களும் இல்லை. சட்டையில் மடிப்பு இருக்காது, முதுகில் வளைவு இருக்காது, சொன்ன சொல்லில் மாற்றம் இருக்காது. வெளியார் முன்னால் தலை குனிந்து நின்ற பழக்கம் அவர் குடும்பத்தில் ஒருவருக்கும் கிடையாது. இன்று மதியத்துக்குள் அந்தப் பழக்கம் வந்துவிடும் போலிருந்தது.

அவருடைய ஒரே தங்கை, அரசுப் பணத்தில் நடக்கும் மழலையர் மையங்களுக்கு மேற்பார்வையாளர். பட்டாம்பூச்சி மையம் என்று சுவரெல்லாம் வண்ணம் பூசிய இந்தக் கட்டடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் எத்தனையோ தடவை வந்து பார்த்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் கதவில் பூட்டு, கவலையில்லாமல் தூங்கும் காவலாளி. 'இங்கே பிள்ளைகளே இல்லை. இருப்பதாகச் சொல்லி உதவித்தொகை வாங்குகிறார்கள்' என்று எழுதி அனுப்பினாள். மையத்தின் நிர்வாகி சும்மா இருப்பாளா? 'மேற்பார்வையாளர் லஞ்சம் கேட்டார், கொடுக்கவில்லை, அந்தக் கோபத்தில் பொய் எழுதுகிறார்' என்று திருப்பிப் புகார் கொடுத்தாள். பெரிய அதிகாரி நாள் குறித்துவிட்டு வந்து பார்த்தார். கூடம் நிறையப் பிள்ளைகள்!

இன்று கடைசிப் பார்வை. இன்றும் பிள்ளைகள் இருந்தால், லஞ்சம் கேட்டவள் என்ற பட்டத்தோடு தங்கைக்கு வேலை போகும். உத்தரவு எழுதித் தயார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அதனால்தான் அதிகாரி வருவதற்கு முன்பே, பேரனைச் சேர்க்க வந்த தாத்தாவாக இஸ்திரி இங்கே வந்து உட்கார்ந்திருந்தார். 'இடமெல்லாம் நிறைஞ்சிருச்சு, இருந்தாலும் இருங்க பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு நிர்வாகி உள்ளே எதையோ ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

மச்சினன் யானையின் துதிக்கையை நுனிப்பல்லால் தொட்டான். "பெயிண்ட் வாசனை. புதுசு."

"அதேதான். உன் பிள்ளை சின்னதா இருந்தப்ப வீட்டுல கடிபடாத சாமான் ஏதாவது இருந்துச்சா?"

"என் காது கூடத் தப்பலை அத்தான்."

"இங்க பாரு. ஒட்டகம், ரயில், கட்டை, ஒண்ணுலயும் பல் தடம் இல்லை. கிரேயான் எல்லாம் ஊசி மாதிரிக் கூரா இருக்கு. ஜன்னல் கண்ணாடியில மூக்கை அழுத்தின அழுக்கு இல்லை. சுவத்துல முழங்கால் உயரத்துல ஒரு கைத்தடம் இல்லை. இது பிள்ளைங்க இருக்கிற இடமா, பொம்மைக் கடையா?"

"அப்ப ஜெயிச்சாச்சு! தங்கச்சி சொன்னதுதான் உண்மை. இங்க பிள்ளைங்களே இல்லை!" என்று மச்சினன் தொடையைத் தட்டினான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. மூட்டை அவிழ்ந்து நெல்லிக்காய் கொட்டியது போலப் பிள்ளைகள் இறங்கினார்கள்.

மச்சினன் வாய் பிளந்தது. "அத்தான், இல்லாத பிள்ளைங்க இறங்குறாங்க. ஒண்ணுக்கு மூக்கு வேற ஒழுகுது. இல்லாத பிள்ளைக்கு மூக்கு ஒழுகுமா?"

இஸ்திரியின் மீசையில் ஒரு நுனி மட்டும் லேசாகத் துடித்தது.

வேனுக்குப் பின்னாலேயே ஜீப் வந்தது. பெரிய அதிகாரி வயிறு முதலில், தான் பின்னால் என்று இறங்கினார். அவருக்குப் பின்னால், முகம் வெளிறி, ஆனால் முதுகு நிமிர்ந்து தங்கை வந்தாள். உள்ளே நுழைந்தவள் கூடத்தின் ஓரத்தில் நின்றவரைப் பார்த்ததும் தன்னை மறந்து, "அண்ணா!" என்றாள்.

நிர்வாகி வெடுக்கென்று திரும்பினாள். "அண்ணாவா? பேரனைச் சேர்க்கணும்னு சொன்னீங்க!"

"பேரன் பொறந்ததும் சேர்க்கலாம்னு முன்கூட்டியே வந்தோம்" என்றான் மச்சினன்.

"சார், இவங்களை வெளியே அனுப்புங்க!"

"பொதுப் பணத்துல நடக்கிற இடம்" என்றார் இஸ்திரி, ஒரு அங்குலமும் நகராமல். "பொதுஜனம் ஓரமா நிக்கக் கூடாதா?"

அதிகாரி தாராளமாகச் சிரித்தார். ஜெயிக்கப் போகிறவனுக்கு வரும் தாராளம் அது. "நிக்கட்டும், நிக்கட்டும். தங்கச்சி லட்சணத்தை அண்ணனும் தெரிஞ்சுக்கட்டுமே."

அந்த வார்த்தை இஸ்திரியின் காதில் காய்ச்சிய ஈயமாக விழுந்தது. தங்கை குனியவில்லை. அவர் அதைத்தான் பார்த்தார்.

பிள்ளைகள் வரிசையாக உட்கார வைக்கப்பட்டார்கள். அதிகாரி குரலில் சர்க்கரையைத் தூவிக்கொண்டு கேட்டார்: "செல்லங்களா, தினமும் இங்கதானே வர்றீங்க?"

"ஆமாஆஆ!"

"மிஸ் உங்களை நல்லாப் பாத்துக்கிறாங்களா?"

"ஆமாஆஆ!"

"யானை பறக்குமா?" என்று நடுவில் புகுந்தான் மச்சினன்.

"ஆமாஆஆ!"

"யாருய்யா அது? விசாரணை நடக்குது!"

"சாட்சிங்க எவ்வளவு உறுதியா இருக்காங்கன்னு சோதிச்சேன் சார். நல்ல உறுதி."

ஆனால் சிரிப்பால் உத்தரவு நிற்காது. அதிகாரி மேசையில் கோப்பை விரித்தார். பேனா மூடியைத் திறந்தார். தங்கை அண்ணனைப் பார்த்தாள். நிர்வாகி கூரையைப் பார்த்துப் புன்னகைத்தாள். மச்சினன் யானையை மறுபடி வாயில் வைத்துக்கொண்டான்.

இஸ்திரி மட்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வரிசையில் ஒரு வாண்டு முழங்கால்களைச் சேர்த்து நெருக்கிக்கொண்டு, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. நீண்ட வேன் பயணம். பிள்ளை பெற்று வளர்த்தவருக்கு அந்த ஆட்டத்துக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு வந்தால் அத்தனை பிள்ளைக்கும் வரும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் மீசை மெல்ல மேலே ஏறியது.

"கண்ணுங்களா" என்றார் கணீரென்று, "யாருக்கெல்லாம் ஒண்ணுக்கு வருது?"

கூடம் முழுக்கச் சுண்டுவிரல் முளைத்தது.

அதிகாரியின் பேனா நின்றது. நிர்வாகி பதறிப்போய், "ஆயா! ஆயா! ஒவ்வொருத்தரா கூட்டிட்டுப் போ!" என்றாள்.

"ஆயா எதுக்கு அம்மா?" இஸ்திரி கையை நீட்டி மறித்தார். "தினமும் வர்ற பிள்ளைங்க. அவங்க ஸ்கூல்ல அவங்களுக்கு வழி தெரியாதா? ஓடுங்கடா ராஜாக்களா! முதல்ல போறவங்கதான் கெட்டிக்காரங்க!"

கூடத்தின் வலது பக்கம் ஒரு கதவு. அதன்மேல் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் 'கழிவறை' என்று பலகை, பக்கத்தில் ஒரு வாளியின் படம். இடது பக்கம் இன்னொரு கதவு. அதன்மேல் 'நிர்வாகி' என்று பலகை.

பிள்ளைகள் எழுந்தார்கள். கூச்சல் எழுந்தது. ஒரு பிள்ளை கூட யோசிக்கவில்லை, தயங்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. மொத்தப் படையும் ஒரே பாய்ச்சலாக இடது பக்கம் ஓடியது!

"ஐயோ, என் ரூம்! என் கம்பளம்! சித்தப்பா, தடுங்க சித்தப்பா!"

கதவு படாரென்று திறந்தது. முதலில் போனவன் கெட்டிக்காரன்தான். பிளாஸ்டிக் ரோஜா வைத்திருந்த பெரிய பூச்சாடியைக் கைப்பற்றிவிட்டான். அடுத்தவனுக்குக் குப்பைக்கூடை கிடைத்தது. மற்றவர்கள் கிடைத்த இடத்தில் நின்று கடமையை முடித்தார்கள். இரட்டைச் சடை போட்ட ஒரு பொடிசு மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பி வந்தது.

"மிஸ், பாத்ரூமை எங்க தூக்கிட்டுப் போனீங்க?"

மச்சினன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, அதைத் துடைக்க யானையையே பயன்படுத்தினான்.

இஸ்திரி சிரிக்கவில்லை. அவர் நிர்வாகியின் பக்கம் திரும்பினார். "ஒரு நிமிஷம் அம்மா. இவ்வளவு நேரம் வாய்க்கு வாய் 'சார்'னு கூப்பிட்டீங்க. இப்ப யாரைச் சித்தப்பான்னீங்க?"

நிர்வாகியின் முகம் சுண்ணாம்பாயிற்று.

"அது... ஒரு மரியாதைக்கு... வயசுல பெரியவர்னு..." என்று அதிகாரி தடுமாறினார்.

"மரியாதைக்கு ஐயான்னு கூப்பிடுவாங்க. அம்மாவோட தங்கச்சி புருஷனைத்தான், இல்லைன்னா அப்பாவோட தம்பியைத்தான் சித்தப்பான்னு கூப்பிடுவாங்க. பதறும்போது வாய் பதவியை மறந்துடும் சார், உறவை மறக்காது."

"அத்தான், இவர் எந்த வகைச் சித்தப்பான்னு அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்றான் மச்சினன். "இந்தப் பிள்ளைங்க யாரு வீட்டுச் சரக்கு? அதைச் சொல்லுங்க."

"அதைத் தங்கச்சி சொல்லுவா" என்றார் இஸ்திரி பெருமையாக. "வேலையில அவளுக்குத் தெரியாதது இல்லை. சொல்லும்மா. கழிவறை இடது பக்கம் இருக்கிற மையம் எது?"

தங்கை வாயைத் திறந்தாள். முகத்தில் அப்போதுதான் வந்திருந்த ரத்தம் மறுபடி இறங்கியது.

"எல்லா மையமும் ஒரே வரைபடத்துல கட்டினது அண்ணா. எல்லாத்துலயும் வலது பக்கம்தான். ஒரே ஒரு இடத்துல வலது பக்கம் பாறை இருந்துச்சு. தோண்ட முடியாம இடது பக்கமா மாத்திட்டாங்க."

"அதான் எது?"

"வேண்டாம் அண்ணா."

"சொல்லுன்னு சொன்னேன்."

"அண்ணி மையம்."

கூடத்தில் பூச்சாடி சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

இஸ்திரியின் மனைவி ஒரு முன்மாதிரி மையத்தின் பொறுப்பாளர். நகரத்திலேயே சிறந்தது என்று பட்டயம் வாங்கிய மையம். வீட்டுக் கூடத்தில் அந்தப் பட்டயத்துக்குத் தினமும் துடைப்பு நடக்கும். நாத்தனார் மேற்பார்வையில் அண்ணியின் மையம் இருக்கக் கூடாது என்ற விதிப்படி, அதை மட்டும் பெரிய அதிகாரியே நேரில் பார்த்து வந்தார். மனைவி வேலை செய்யும் இடத்தில் கணவன் எட்டிப் பார்ப்பது மரியாதையல்ல என்பது இஸ்திரியின் கொள்கை. அந்த வாசலை அவர் மிதித்ததே இல்லை. மச்சினன் அக்காவைக் கூட்டி வரப் போவதும் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான். சொந்தப் பட்டறைச் சரக்கைச் சந்தையில் பார்த்துத் தெரியாமல் நின்ற கதை!

வாழ்நாளில் முதல் தடவையாக மச்சினனுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அதிகாரிக்குக் கிடைத்தது. அவர் நாற்காலியை இழுத்து இஸ்திரியின் பக்கத்தில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"பெரியவரே, நீங்க மானஸ்தர். நான் சொல்றதைக் கேளுங்க. இந்த உத்தரவை இப்பவே கிழிச்சுடறேன். உங்க தங்கச்சி மேல ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதித் தர்றேன். இந்தப் பிள்ளைங்க எங்கிருந்து வந்தாங்கன்னு யாரும் யாரையும் கேக்க வேண்டாம். உங்க வீட்டம்மா பேரும் வெளிய வராது. ரெண்டு பக்கமும் உங்க குடும்ப மானம்தானே?"

சொல்லி முடித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். பேச்சு என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அதில் இருந்த கோளாறு.

இஸ்திரி ஜன்னல் பக்கம் போய் நின்றார். கண்ணாடியில் இப்போது ஒரு பிள்ளை மூக்கை அழுத்திக்கொண்டிருந்தது. ஒரே பிள்ளையை இரண்டு இடத்தில் எண்ணிக் காட்டுகிறார்கள். அப்படியானால், இந்தத் தெருவில் பட்டாம்பூச்சியை நம்பிப் பெயர் கொடுத்துவிட்டு வீட்டிலேயே கிடக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்?

"சார்" என்றார், திரும்பாமலே. "எங்க குடும்ப மானம் மூடி வச்சாத்தான் நிக்கும்னா, அது நிக்க வேண்டாம். விழட்டும். வேன்ல ஏறுங்க."

"எங்கே?"

"பிள்ளைங்களைக் கொண்டுபோய் விட. கூட்டிட்டு வந்தவங்கதானே விடணும்?"

மச்சினன் அவர் கையைப் பிடித்தான். "அத்தான், அக்காவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடலாமே. அவளும் கொஞ்சம் தயாரா..."

"சொல்லிட்டுப் போனா அது சோதனை இல்லை மாப்ளே, விருந்து."

"இன்னைக்கு ராத்திரி நமக்குச் சாப்பாடு யார் போடுவா?"

"யானை இருக்கே. அதைக் கடிச்சுக்கோ."

வேனில் நடந்ததை முழுதாக எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். அதிகாரியின் இடது மடியில் ஒரு பிள்ளை, வலது மடியில் ஒரு பிள்ளை, வயிற்றின் மேல் ஒரு பிள்ளை. எப்படியாவது முந்திக்கொண்டு அந்த மையத்துக்குப் பேசிவிடலாம் என்று அவர் போனை எடுத்த மறுகணம் இரட்டைச் சடை, "பாட்டு போடு!" என்று அதைப் பிடுங்கிக்கொண்டது. கெஞ்சினார், மிரட்டினார், பிஸ்கெட் தருவதாகச் சொன்னார். போன் கை மாறிக் கை மாறிக் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் கோப்பிலிருந்து உத்தரவை உருவி, அதன்மேல் பச்சைக் கிரேயானால் பெரிதாக ஒரு மாடு போட்டான். மாட்டின் வாலில் கையெழுத்துக்கான இடம் மறைந்தே போனது.

"மாடு நல்லா இருக்கு" என்றான் மச்சினன். "சார் சாயல்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். இஸ்திரி அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு நேராக முன்னால் பார்த்து, மனைவியிடம் என்ன கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். எந்த வாக்கியமும் முடியவில்லை. கொலைகாரர்களிடம் கேள்வி கேட்பது இதற்கு எவ்வளவோ சுலபம்!

முன்மாதிரி மையத்தின் வாசலில் அம்மாக்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். வேலைக்கு நடுவில் பிள்ளையைக் கூட்டிப் போக வந்தவர்கள். சிலர் இன்னும் சீருடையில், ஒருத்தி தலையில் தொழிற்சாலைத் தொப்பியோடு. படியில் இஸ்திரியின் மனைவி நின்றாள். வேன் கதவு திறந்ததும், கீழே விழாத குறையாக இறங்கிய அதிகாரிதான் அவள் கண்ணில் முதலில் பட்டார்.

"என்ன சார் இது?" என்றாள் தெருவுக்கே கேட்கும் குரலில். "பிள்ளைங்களுக்கு 'வெளியுலகம் காட்டுறோம்'னு போன்ல நீங்களே சொன்னீங்க. மதியத்துக்குள்ள திருப்பி அனுப்பிடறோம்னீங்க. போன தடவையும் இப்படித்தான் லேட். எந்த உலகத்தைக் காட்டினீங்க?"

"பாத்ரூம் இல்லாத ஸ்கூலு!" என்று வேனுக்குள்ளிருந்து அத்தனை குரலும் ஒன்றாகக் கத்தியது.

அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தொப்பிக்காரி ஒரு அடி முன்னால் வந்தாள். "எங்களைக் கேக்காம எங்க பிள்ளைங்களை எங்க கொண்டு போனீங்க?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதிகாரியின் தொப்பை கூட வெளியே தெரியவில்லை. கூட்டம் அப்படி மூடிக்கொண்டது.

இஸ்திரி கூட்டத்தைச் சுற்றி நடந்து படியருகே போனார். மனைவி அப்போதுதான் அவரைப் பார்த்தாள். பின்னால் நாத்தனார், அவளுக்குப் பின்னால் தரையைப் பார்க்கும் தம்பி. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"பட்டாம்பூச்சிக்கா கொண்டு போனாரு?" என்றாள் மெதுவாக.

"ஆமா. நம்ம வீட்டுப் பொண்ணை லஞ்சக்காரின்னு காட்டுறதுக்கு. அவர் பட்டயம் குடுத்த மையத்துப் பிள்ளைங்களை வச்சே."

"எனக்கு அது தெரியாது."

"தெரியாதுன்னு நானும் நம்புறேன். ஆனா அவர் கூப்பிட்டதும் எங்கேன்னு கேட்டியா? அம்மாக்கள்கிட்டச் சொன்னியா?"

'பெரிய அதிகாரி சொன்னா அனுப்ப மாட்டாங்களா' என்ற பதில் மனைவியின் உதடு வரை வந்தது அவருக்குத் தெரிந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"கேக்கலை" என்றாள். "பட்டயம் குடுத்தவராச்சேன்னு கேக்கலை."

தம்பி அவசரமாக இடையில் வந்தான். "போகட்டும் அக்கா. அந்த ஆளு மாட்டிக்கிட்டான், தங்கச்சி வேலை தப்பிச்சிருச்சு. இதை எதுக்குப் பெருசாக்கிட்டு..."

"நீ சும்மா இரு." அவள் தம்பியை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு நாத்தனாரைப் பார்த்தாள். "அந்த ஆள் இனிமே எந்த மையத்தையும் பாக்கப் போறதில்லை. இந்த மையத்தையும் நீதான் பாத்தாகணும், வேற ஆள் போடுற வரைக்கும். எழுது. பெத்தவங்க சம்மதம் இல்லாம பிள்ளைங்களை வெளிய அனுப்பினது பொறுப்பாளர் தப்பு."

"அண்ணி..."

"அண்ணி வீட்டுல இருக்கா. இங்க நிக்கிறது பொறுப்பாளர்."

தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். இஸ்திரி அவளுக்கு எந்த ஜாடையும் காட்டவில்லை. வேண்டுமென்றே வேன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னாலிருந்து தங்கையின் குரல் கேட்டது. காலையில் கேட்ட குரல் அல்ல, அலுவலகத்துக் குரல்.

"பொறுப்பாளர் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நான் உள்ள போய்ப் பாக்கணும்."

இஸ்திரியால் திரும்பாமல் இருக்க முடியவில்லை. கல்யாணமான நாள் முதல் எவருக்கும் வழி விட்டு அவர் பார்த்திராத அந்த மனுஷி, தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டே, வாசலை விட்டு ஒதுங்கி நின்றாள்.